சுவர் பார்த்த பலகை

இன்றைக்குத் திங்கட்கிழமை என்று இந்த மனிதருக்கு யாராவது ஞாபகப்படுத்தக் கூடாதா? நான் அல்லாமல், வேறு யாராவது?

ஹிசாயோ கத்தியைத் துடைத்தபடி நினைத்துக்கொண்டாள். ஒசாகாவில் அவள் நடத்தும் குடல்கறிக் கடையில் எட்டே இருக்கைகள். சுவரில் மரப்பலகைகளில் பெயர்கள்: நாக்கு, ஈரல், குடல், சிறுநீரகம். ஞாயிற்றுக்கிழமை மாடு வெட்டுவதில்லை. அதனால் திங்களன்று சிறுநீரகப் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சனிக்கிழமைச் சரக்கை மிசோ என்ற சோயா விழுதில் ஊறவைத்துச் சுட்டால் சரி. பச்சையாக, கூடவே கூடாது.

கட்டடத்தின் சொந்தக்காரர் நிஷிவாகி எட்டி அந்தப் பலகையைத் திருப்பினார்.

"ஹிசாயோம்மா, சம்பந்திக்குக் கிட்னி பச்சையா நாலு துண்டு. இஞ்சி தாராளமா."

"சுட்டுத் தரட்டுங்களா, ஐயா?"

"சுட்டதத் தின்னவா இவரை இம்புட்டு தூரம் இழுத்துட்டு வந்தேன்? சம்பந்தி, வேற எவனும் தரமாட்டான். நான் கேட்டா இவ தருவா."

சம்பந்தி ஒல்லியானவர். வயிற்றைத் தடவிச் சிரித்தார். "ஆபரேஷன்ல பாதி இரைப்பைய வெட்டிட்டாங்கம்மா. மிச்சப் பாதிக்கு நல்லதாப் பாத்துப் போடுங்க."

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை நிஷிவாகிக்குப் பச்சையாகவே கொடுத்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று நினைத்தாள். ஒன்றும் ஆகாததே அவருக்கு உரிமையாகிவிட்டது. இவர் விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்படுவது என் கைப்பக்குவத்தை இல்லை, என் பயத்தை.

குளிர்பெட்டியில் முழுசாக ஒன்று இருந்தது. எடுத்து வெட்டும் பலகையில் வைத்தாள். மேல்தோலில் சனிக்கிழமைப் பளபளப்பு இல்லை. கத்தி நுனியை வெள்ளை நரம்பின் ஓரத்தில் வைத்தாள். இருவரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடகைப் பத்திரம் இந்த மாசம் புதுப்பிக்கணும்ல?" நிஷிவாகி சும்மா கேட்பதுபோல் கேட்டார். "ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

கத்தியைக் கழுவி உறையில் போட்டாள். ஈரக் கையோடு மேடையைச் சுற்றி வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டி, பலகையைச் சுவர் பக்கம் திருப்பினாள். அது ஒருமுறை ஆடி நின்றது.

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்க, ஐயா," என்றாள். "உங்களுக்கும் இல்லைங்க."