முதலாம் இடம் போடாத ஞாயிறுகள்

...மூண்டாம் இடத்துப் பாட்டு முடியப் போகுது, அந்தக் கிற்றார் கீச்சிடுற இடம் வந்திட்டுது, உது வந்தால் முடிவு கிட்ட எண்டு நாப்பத்தைஞ்சு வருசமாய்க் கேட்ட காதுக்குத் தெரியாதோ, தேங்காயைத் திருவலையில இன்னும் கொஞ்சம் அமத்துறன், கரக் கரக் கரக், சிரட்டையும் சேந்து விழுந்தாலும் விழட்டும், ரெண்டு பேருக்குச் சம்பல் அரைக்க இவ்வளவு தேங்காய் தேவையில்லைத்தான், ஆனால் எனக்குச் சத்தம் தேவை... ஹோலில சாய்மனைக் கதிரையில கிடந்து மனிசன் என்னை முழுசிப் பாக்கிறார். பாக்கட்டும். குசினிக் கதவை விரியத் திறந்து வைச்சதே அவருக்குக் கேக்கோணும் எண்டுதானே. முந்தி ஞாயிறு பத்து மணி எண்டால் இந்த வீட்டில திருவலை எடுக்கேலாது, அம்மி அரைக்கேலாது, பைப்பைத் திறக்கேலாது, பிள்ளை இருமினாலும் விரலை வாயில வைச்சு உஸ் எண்டுவார், ஏனெண்டால் பொறியியலாளர் ஸ்ரீஸ்கந்தராசா தன்ரை பத்துப் பாட்டையும் போடுறார்! பத்தாம் இடத்தில தொடங்கி ஒண்டு ஒண்டாய் ஏறி முதலாம் இடம் மட்டும். ஒரு மணி பிந்தித்தான் சோறு. இப்ப நான் விரும்பின நேரம் திருவுறன். கரக் கரக்.

என்ன பாக்கிறியள்? பிடிக்கேல்லையோ? சொல்லுங்கோவன்... சொல்லேலாது. ரெண்டு வருசமாய்ச் சொல்லேலாது. பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்து, வாயும் ஒரு பக்கம் இழுத்து, இவ்வளவு கதை கதைச்ச மனிசனுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது "பா... பா..." எண்ட ஒரு சத்தம்தான், அது என்ரை பேர் பத்மாவோ, பாட்டோ, பாலோ, ஆருக்குத் தெரியும். விளங்கிறது எல்லாம் விளங்குது எண்டு டொக்டர் சொன்னவர். அதைக் கேட்ட உடனை எனக்கு வந்த ஆறுதல் இருக்கே, சீ, அதை ஆறுதல் எண்டு சொல்லுறதோ, சந்தோசத்தில வந்த புளுகம் எண்டு சொல்லுறதோ... விளங்காட்டில் என்ன பிரயோசனம்? விளங்கோணும். நல்லாய் விளங்கோணும்.

கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பாட்டுத் தட்டை மாத்திறன். அலுமாரி ஹோலின்ரை ஒரு சுவர் முழுக்க நிக்குது, உலகத்தில ஒருத்தரும் அப்பிடி அடுக்கியிருக்க மாட்டினம், பாடினவையின்ரை பேரிலை இல்லை, வருசத்திலையும் இல்லை, இடத்திலை! ஆகக் கீழ்த்தட்டில பத்தாம் இடம் வந்தது எல்லாம், அதுக்கு மேலை ஒன்பது, அதுக்கு மேலை எட்டு... ஆக மேலை, கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி, முதலாம் இடங்கள். லண்டன் பட்டியல். எழுபதாம் ஆண்டுகளில எந்தக் கிழமை அங்க எந்தப் பாட்டு எத்தினையாம் இடம் எண்டது மனிசனுக்குத் தலைகீழ்ப் பாடம், கப்பலில வந்து சேர ரெண்டு மாசம் ஆகிற பாட்டுப் புத்தகத்துக்குத் தலதா வீதிக் கடையில காவல் கிடப்பாராம். கண்டி மழைக்கு உறையெல்லாம் பூஞ்சணம். கீழ்த்தட்டுகள், பத்தாம் இடம் ஒன்பதாம் இடம் எல்லாம், குனிஞ்சு துடைச்சுத் துடைச்சு நாரி முறிஞ்சது எனக்கு. மேல்தட்டைத் துடைக்கிறது அவர் மட்டும். "உமக்குக் கை எட்டாது பத்மா, விடும்." ஓம், எனக்கு எட்டாதுதான்.

ரெண்டாம் இடம் சுத்துது. பியானோ... கூரையில குரங்குகள் தடதட எண்டு ஓடுது, ஹந்தானை மலைப் பக்கம் இருந்து மழை வரப் போகுது போலை, காயப் போட்ட துவாயை எடுக்கோணும், அவரின்ரை வீணீர் துடைக்கிற துவாய், ஒரு நாளைக்கு நாலு ஐஞ்சு. பக்கத்து வீட்டு றலியா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்துச் சொல்லுவா, "மாஷா அல்லாஹ், ஒங்கட பொறுமைக்கு அல்லாஹ் கூலி தருவான், மனுசனுக்கு இப்பிடிப் பாட்டுப் போட்டுக் காட்டுற பொஞ்சாதி எங்க இரிக்கி?" மோள் துஷாந்தி ரொறன்ரோவில இருந்து போனில பாத்து அழுவாள், அம்மா, அப்பாவின்ரை ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் விடேல்லை என்ன, எண்டு. நான் தலையாட்டுவன். விடேல்லை மோளே. பத்தாம் இடத்தில இருந்து ரெண்டாம் இடம் மட்டும் ஒரு கிழமையும் விடேல்லை. அதுக்கு மேலை என்ன நடக்குது எண்டு உனக்கும் தெரியாது, றலியாவுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

முந்தி இந்த இடத்திலதான் நிப்பாட்டுவார். ரெண்டாம் இடம் முடிஞ்ச உடனை. கந்தோரில கூட வேலை செய்த சிநேகிதர், யாழ்ப்பாணத்தால வந்த சொந்தக்காரர், எல்லாரும் கதிரை நிறைய இருப்பினம், அப்ப குசினியைப் பாத்துக் கூப்பிடுவார், "இஞ்சை பத்மா, ஒருக்கா வாரும்! நீர் சொல்லும் பாப்பம், முதலாம் இடம் எது?" நான் மாக்கையோடை வந்து நிக்கோணும். சொல்லோணும். வாய்க்குள்ளை ஏதாவது ஒரு இங்கிலீஷ் பேரை மெண்டு விழுங்கோணும். பிழை. எல்லாரும் கொல்லெண்டு சிரிப்பினம், அவர் முன்னுக்கு நிண்டு சிரிப்பார், "பாவம், அவவுக்குத் தெரிஞ்சது அந்தக் கோட்டை ரெயில்தான்!" ஒருக்கா, துஷாந்தி வயித்தில இருக்கேக்கை, நான் ரோசம் வந்து அந்த வருசத்துப் பட்டியலைக் களவாய்ப் பாடமாக்கி வைச்சன், கேட்ட உடனை பளிச்செண்டு சரியாய்ச் சொல்லிப்போட்டன். பேந்து மனிசன் சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சுது, "நான் கேட்டது அடுத்த வருசத்துப் பட்டியல் பத்மா!" அண்டைக்குத்தான் ஆகக் கூடச் சிரிச்சவை. கறிக்கு உப்புப் போட மறந்துபோனன், அதுக்கும் சிரிச்சவை.

கோட்டை ரெயில்... அது என்ரை பாட்டு. லண்டனும் இல்லை கிண்டனும் இல்லை, எங்கட தமிழ்ப் பொப்பிசைப் பாட்டு, நான் பெட்டையாய் இருக்கேக்கை வந்தது. அப்பா அப்ப தெல்தெனியவில தபாலதிபர், தபாலட்டைக்குப் பஞ்சமில்லை, நானும் சிநேகிதியளும் கிழமைக்குக் கிழமை றேடியோவுக்கு எழுதிப் போடுவம், வோட்டுப் போடுறது, இருக்கிற பேர் எல்லாம் எழுதி, இல்லாத பேரும் எழுதி! அப்பிடியும் ஏழாம் இடத்துக்கு மேலை அது ஏறேல்லை. ஏழு எங்களுக்குப் பெரிசு. துள்ளினம். அந்தப் பழைய தெல்தெனியவே இப்ப தண்ணிக்குக் கீழை, அணை வேலைக்கெண்டு வந்த பொறியியலாளர்தானே பெண் கேட்டு வந்தது. கலியாணம் முடிஞ்ச கிழமை ஆசையாய்க் கேட்டன், இவ்வளவு தட்டு வாங்கிறியள், அதில ஒண்டு எனக்கு வாங்கித் தாங்கோவன் எண்டு. "அந்தக் கண்டறியாத பாட்டோ? என்ரை அலுமாரிக்குள்ளையோ?" அவ்வளவுதான். பேந்து நான் கேக்கேல்லை. வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டன், புட்டு அவிக்கேக்கை, உடுப்புத் தோய்க்கேக்கை, "கோட்டை ரெயில் கூவுது, கொண்டைப் பூவும் வாடுது", ரெண்டாவது அடி எப்பவோ மறந்துபோச்சு, அதாலை முதல் அடியையே ரெண்டு தரம் பாடிப்போட்டு மூண்டாவதுக்குத் தாவுவன். அதையும் விடேல்லையே மனிசன்! சனம் வந்தால் எழும்பி நிண்டு, சீலைத் தலைப்பில கை துடைக்கிற மாதிரி நடிச்சு, என்ரை குரலில, முதல் அடியை ரெண்டு தரம்... என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு.

பியானோ மெல்ல மெல்ல அடங்குது. இப்ப பார், தொடங்கிவிட்டார், இடக்கை கதிரைப் பிடியைப் பிராண்டுது, கண் மேல்தட்டுக்குப் போகுது. சுதர்சினி சொன்னவள், கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, படிச்சுப் பேச்சுப் பயிற்சி குடுக்கிற உத்தியோகம், ஞாயிறுகளில பஸ் பிடிச்சு இஞ்சை வாறவள். "அம்மா, பேச்சு வராதவங்களுக்கும் சில நேரம் பாட்டு வரும்ங்க. ஐயாவுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டைப் போடுங்க, கூடச் சேந்து பாட விடுங்க, பாட்டுல வார்த்தை வந்திருச்சுன்னா அதைப் புடிச்சுக்கிட்டு நான் பேச வச்சிருவேன். இப்பவே செய்யணும், நாள் போகப் போகக் கஷ்டம்." ஐயாவுக்குப் பிடிச்சது எல்லாம் மேல்தட்டில பிள்ளை, பூட்டின்ரை திறப்பு எங்கையோ துலைஞ்சு போச்சு, எண்டன். பொய் சொல்லேக்கை நாக்குக் கூடத் தடக்கேல்லை. அவர் கேட்டுக்கொண்டு இருந்தவர். திறப்பு மஞ்சள்தூள் பேணிக்குள்ளை கிடக்கு.

ஏன் எண்டு கேட்டால்... ஆர் கேக்கிறது, நான்தான் என்னைக் கேக்கிறன். மனிசனுக்குப் பேச்சு வந்தால் முதல் சொல் என்னவாய் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். "நீர் சொல்லும் பாப்பம்." அதுதான் வரும். ரெண்டு வருசமாய்ப் பீ மூத்திரம் அள்ளின என்னைப் பாத்து அதுதான் வரும். அதைக் கேக்க என்னாலை ஏலாது. பயம் ஒரு பக்கம். மற்றப் பக்கம்... உள்ளதைச் சொன்னால், இந்த நேரம் எனக்கு இனிக்குது. கிழமை முழுக்க இதுக்காகத்தான் எழும்பிறன்.

முடிஞ்சுது. ஊசியைத் தூக்கி ஓரத்தில வைச்சன். ஹோல் அமைதி. கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு, முக்காலியை இழுத்து அவருக்கு முன்னாலை வைச்சு, இருந்து, முகத்தைக் கிட்டக் கொண்டு போய்க் கேட்டன், ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிற மாதிரி, "இஞ்சை, நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். முதலாம் இடம் எது?" வழக்கமாய் இந்த நேரம் கழுத்து நரம்பு புடைக்கும், "பா... பா..." எண்டு முக்குவார், வீணீர் வழியும், கடைசியில கண்ணால தண்ணி ஓடும், அப்ப நான் துவாயால துடைச்சுப்போட்டு, பிழை, எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போவன். இண்டைக்கு முக்கேல்லை. அலுமாரியையும் பாக்கேல்லை. என்னைப் பாத்தார். வாய் திறந்துது, ஒரு மூச்சு, சின்னதாய் ஒரு முனகல், மெட்டு மாதிரி ஏதோ, பேந்து சொல்லுகள்... சொல்லுகள்! "கோட்டை... ரெயில்... கூவுது... கொண்டைப் பூவும் வாடுது..."

ஒரு எழுத்துப் பிசகாமல். மெட்டில, தெளிவாய், ரெண்டு வருசம் செத்துக் கிடந்த அந்த வாயிலை இருந்து. நான் முக்காலியில இருக்க, அவர் மூச்செடுத்துத் திருப்பிப் பாடுறார், கோட்டை ரெயில் கூவுது, கொண்டைப் பூவும் வாடுது, முதல் அடியையே ரெண்டாம் தரமும்... என்ரை பிழையோடை! இந்த வீட்டுக்குள்ளை அந்தத் தட்டே இல்லை. என்ரை வாயாலை தவிர வேறை எங்கையும் அவர் அதை இப்பிடிப் பிழையாய்க் கேட்டிருக்க வழியில்லை. அப்ப நாப்பத்தைஞ்சு வருசமாய்க் குசினிப் பக்கம் காது வைச்சுக் கேட்டவரோ? இல்லாட்டில் உது பழைய பகிடியோ, சனத்துக்கு முன்னாலை பாடிக் காட்டினதுதான் மண்டையில தங்கிக் கிடந்து இப்ப வருதோ? முதலாம் இடம் எது எண்டு கேட்டன், இதைப் பாடுறார். மறுமொழியோ? நக்கலோ? முகத்தைப் பாத்தன், என்னத்தைப் பாக்கிறது, பாரிசவாதம் இழுத்த வாய், இழுத்த பக்கம் எப்பவும் நக்கலாய்த்தான் கிடக்கும், அழுதாலும் அப்பிடித்தான், நித்திரையிலும் அப்பிடித்தான்.

கேற் கிரீச்சிட்டுது. "அம்மா! நான்தாங்க, மழை வந்திருச்சு!" சுதர்சினி, குடையை உதறிக்கொண்டு விறாந்தையில ஏறுறாள். மனிசன் வாயை மூடிவிட்டார். நான் எழும்பி முக்காலியைக் காலால தள்ளிப்போட்டு, அவரின்ரை கன்னத்தைத் துவாயால துடைச்சன், கொஞ்சம் பலமாய்த்தான் துடைச்சன். அவள் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்து, சிரிச்சுக்கொண்டு, ஒவ்வொரு கிழமையும் கேக்கிறதையே கேட்டாள், "எப்படிங்கம்மா, ஐயாக்கிட்ட ஏதும் மாற்றம் தெரிஞ்சுதா? ஒரு சத்தம், ஒரு வார்த்தை, ஏதாச்சும்?" ரெண்டு பேரும் என்னைப் பாக்கினம். பிள்ளை நம்பிக்கையோடை. அவர்... அவர் எப்பிடிப் பாத்தவர் எண்டு சொல்ல எனக்குத் தெரியேல்லை.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. எப்பவும் போலைத்தான்."

"பரவால்லம்மா, விடாமப் பாட்டுப் போடுங்க," எண்டு சொல்லிக்கொண்டு அவள் அவருக்குப் பக்கத்தில இருந்தாள். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில குசினிக்குள்ளை வந்திட்டன். பின்னாலை அவளின்ரை குரல் கேக்குது, "அட, ஐயா இன்னைக்குச் சிரிக்கிறாங்களே!" நான் திரும்பேல்லை. தண்ணி கொதிக்குது, கை தன்பாட்டில மஞ்சள் பேணியைத் திறந்து திறப்பை எடுத்து வைச்சிருக்கு, விரலெல்லாம் மஞ்சள், இதை இப்ப என்ன செய்யிறது... நக்கலோ இல்லையோ எண்டு கேக்கோணும் எண்டால் அந்த வாய் கதைக்கோணும். கதைச்சால் முதல் சொல் என்ன எண்டு எனக்குத் தெரியும். தெரியும் எண்டுதானே ரெண்டு வருசமாய் இருந்தனான். இண்டைக்கு முதல் சொல்லாய் வந்தது அது இல்லையே... அப்ப எனக்கு என்ன தெரியும்?