கோரத்துக்கு நாலு பேர்

மூன்று சாவு வரை ‘விபத்து’. நாலாவது ஆளும் போனால்தான் ‘கோர விபத்து’. பத்தைத் தாண்டினால் ‘பயங்கரம்’, முதல் பக்கம். பத்திரிகை ஆபீசில் இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் வேறு யாருமில்லை, துணை ஆசிரியரேதான். கால் சுளுக்கினால்கூடக் கோரம் என்று எழுதிக்கொண்டிருந்தார்களே என்ற எரிச்சலில், வார்த்தைக்காவது மரியாதை இருக்கட்டும் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த ஏற்பாடு. ஊர் வாயை யார் கட்டுவது? வெளியே வெயில் பயங்கரம், தலைவலி பயங்கரம், பக்கத்து மேஜைக்காரர் பார்த்த படத்தில் காமெடியும் பயங்கரம்.

அன்று பதினோரு மணிக்குள் ஏழு விபத்துகளைத் திருத்தி முடித்திருந்தார். கண் எரிந்தது. எட்டாவதைக் கையில் எடுத்தபோது அக்கா போன் செய்தாள். அவள் புருஷன், மாமா, போன வேன்மேல் லாரி மோதிவிட்டதாம்.

“எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் உறைத்தது.

“ஒருத்தர்தான்” என்றாள் அக்கா. “உனக்குப் பத்தலையாடா?”

போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சின் ஒரு மூலையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அம்மா போன பிறகு இவருக்கு ஒட்டும் உறவும் அவள் ஒருத்திதான். அவளும் வெறுத்துவிட்டால் போக்கிடம் கிடையாது. மன்னிப்புக் கேட்க நினைத்து, பெஞ்சின் மறு மூலையில் உட்கார்ந்தார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து நிருபர் கூப்பிட்டான். விஷயம் தெரியாதவன், பாவம். லாரி மோதி ஒருவர் பலி, உள்பக்கத்தில் மூன்று வரி போதுமா என்று கேட்டான். போனில் அவன் பேசியது அக்கா காதிலும் விழுந்தது.

இவர் பதறிப்போய், தன்னிடம் இருந்த ஒரே உபகாரத்தை நீட்டினார். “கோர விபத்துன்னு போடச் சொல்லவாக்கா?”

அக்கா திரும்பினாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

“என்னத்தையோ போட்டுக்கோ. எனக்கு இருந்ததே அந்த ஒருத்தர்தான்டா.”

நிருபர் இன்னும் லைனில் காத்திருந்தான். துணை ஆசிரியருக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை.