பூட்டியவர் மட்டுமே திறக்கவும்

காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பொறுப்பாளராக வருகிறாயா என்று தலைமை மருத்துவர் கேட்டதும், அவள் மனம் நேராகப் போய் நின்ற இடம் மகனின் சளி மருந்து. ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தால், ஏழு மணிக்கு அதை யார் ஞாபகம் வைத்துக் கொடுப்பார்கள்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக ஊசியும் குழாயும் கண்ணாடித் தகடுமாக உழைத்தவள். இந்த இருக்கைக்காக ஒன்பது வருடமும் உள்ளுக்குள் காத்திருந்தவள்தான். ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை முடிவு சொன்னால் போதும் என்றார் மருத்துவர். முடியாது என்றால் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று அவராலும் சொல்ல முடியாது.

அன்று மாலை விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் கணவன் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு, பிற்பகல் இரண்டு மணி ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலை முழுக்க பிள்ளைகளை அவன் பார்த்துக்கொள்வது, ஒரு மணிக்கு அவள் வந்ததும் கை மாற்றுவது என்று ஏற்பாடு. பெரியவளுக்கு நாலு வயது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், 'வாலு' என்றால் ஓடிவருவாள். சின்னவனுக்குப் பதினோரு மாதம். உருண்டு உருண்டு வீடு முழுக்கச் சுற்றுவதால் 'உருண்டை'.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் பெருமூச்சு ஊருக்கே கேட்டிருக்கும். "கொடுத்து வச்சவடி நீ. உங்க மாமா குடிச்ச டம்ளர இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வச்சதில்ல. உன் வீட்டுக்காரர் குழந்தையக் குளிப்பாட்டுறார், பாத்திரம் கழுவுறார். இன்னும் உனக்கு என்னதான் வேணும்?"

அக்கா சொன்னதில் பொய்யில்லை. அவனும் முகம் சுளிக்காமல்தான் செய்தான். ஆனால் செய்யும் வேலைக்குக் கை மட்டும்தான் அவனுடையது, தலை அவளுடையது. குளிப்பாட்டுவான், துண்டு எது என்று கேட்பான். சோறு ஊட்டுவான், எவ்வளவு என்று கேட்பான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அவன் கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அவன் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மேஸ்திரி மாதிரி குளியலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேராகச் செய்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் அவள் போன் பதினோரு முறை அடித்தது. சளி மருந்து எந்த மூடியில் அளப்பது, வாலுவின் நீலச் சட்டை எங்கே, உருண்டை அழுகிறான், பசியா தூக்கமா. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அவளுக்குப் பாதி நாள் போயிற்று. செவ்வாயன்று ஒன்பது முறை. ஒன்பதாவது முறை அடித்தபோது தலைமை மருத்துவர் பக்கத்தில் நின்றிருந்தார். கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே, சரிப்பட்டு வராது, முடியாது என்றே சொல்லிவிடப்போகிறேன் என்றாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அவன் சமாதானம் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், கதவோரம் கிடந்த கருவிப் பையிலிருந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் அட்டைகளை எடுத்துவந்தான். உள்ளங்கை அகலம், மேலே துளை, சிவப்பு எழுத்து: 'உள்ளே ஆள் வேலை செய்கிறார். பூட்டியவர் மட்டுமே திறக்கவும்.'

லிஃப்டில் கை வைக்கும் முன் கரண்ட்டை நிறுத்தி, ஸ்விட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, இந்த அட்டையையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்களாம். மாட்டியவனேதான் வந்து எடுக்கவேண்டும். மேலதிகாரியே வந்தாலும் தொடமாட்டார். நம் வீட்டிலும் அப்படியே செய்வோம் என்றான். யார் பெயர் எழுதிய அட்டை தொங்குகிறதோ அந்த வேலை நினைப்பதிலிருந்து முடிப்பதுவரை அவருடையது. மற்றவர் செய்யவும் வேண்டாம், ஞாபகப்படுத்தவும் வேண்டாம்.

சமையலறைச் சுவரில் ஒரு பலகையை மாட்டி வரிசையாக ஆணி அடித்தான். பதினைந்து ஆணி போதும் என்பது அவன் கணக்கு. அவள் துண்டுத்தாளில் ஒவ்வொரு வேலையாக எழுதிக் கொடுக்க, அவன் ஆணிக்குக் கீழே ஒட்டிக்கொண்டே வந்தான். துணி துவைத்தல், குளியல், மதியச் சாப்பாடு வரை சரளமாகப் போயிற்று. பிறகு அவள் எழுதினாள்: உருண்டைக்குச் சட்டை சின்னதாகிவிட்டதா என்று பார்ப்பது. வாலுவின் டீச்சர் அனுப்பும் செய்தியைப் படிப்பது. தடுப்பூசித் தேதி. சோப்பு தீரும் முன் வாங்குவது. இருவருக்கும் நகம் வெட்டுவது. மருந்து காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பது. அவன் அம்மாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வது.

ஆணி தீர்ந்தது. அவன் இன்னும் ஒரு கை ஆணி எடுத்துவந்தான். அதுவும் தீர்ந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தாள்களை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"இதெல்லாம் நீ எப்ப பண்ணே?" என்றான்.

"பல் தேய்க்கும்போது," என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. அவள் தலையில் கை வைத்து, கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுவது போல உடனே எடுத்துக்கொண்டான். பிறகு பேரம் தொடங்கியது. குளியல், காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, சளி மருந்து, பள்ளிப் பை, டீச்சர் செய்தி எல்லாம் அவனுக்கு. துவைப்பது, தடுப்பூசி, கடை, இரவுச் சமையல், தூங்கவைப்பது அவளுக்கு. "உங்கம்மாவுக்கு நீயே போன் பண்ணு" என்று அந்த ஆணியில் அவன் அட்டையை அவளே மாட்டினாள். நகம் வெட்ட இருவருக்குமே பயம், சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு விழுந்தது. தனக்கும் ஒன்று வேண்டும் என்று வாலு காலைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால், செருப்பு அடுக்கும் வேலை அவளுக்குப் போயிற்று.

புதன்கிழமை இரண்டே போன். இரண்டாவதில், "இல்ல, ஒண்ணுமில்ல, நானே பாத்துக்கிறேன்" என்று அவனே வைத்துவிட்டான்.

வியாழக்கிழமைதான் அவள் தப்பு செய்தாள்.

வேலை சீக்கிரம் முடிந்து பன்னிரண்டே காலுக்கே வீட்டுக்கு வந்தாள். அவன் பின்பக்க பால்கனியில் ஏதோ கழுவும் சத்தம் கேட்டது. உருண்டை அந்த வாசலிலேயே பாயில் உட்கார்ந்து கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு ஆணியில் அவன் அட்டை தொங்கியது. பன்னிரண்டு மணிச் சாப்பாடு. இன்னும் ஊட்டவில்லையா? அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தையைத் தூக்கினாள், பாலில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினாள், வாயைத் துடைத்தாள். போகிற போக்கில் அட்டையைக் கழற்றி மேசையில் போட்டாள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அவன் உள்ளே வந்தான். அடுப்பு மேடையில் மூடியைத் திறந்து, மசித்து ஆறவைத்திருந்த காய்கறிச் சாதக் கிண்ணத்தை எடுத்தான். குழந்தையின் வாயோரம் ரொட்டித் துணுக்கைப் பார்த்தான். மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தான். கிண்ணத்தை மெல்ல வைத்தான்.

"இத நீயா எடுத்தே?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? மணி பன்னிரண்டரை. குழந்தை பசியோட இருக்கான்."

"இல்ல. இன்னைக்குக் காலைத் தூக்கத்துலேருந்து பதினோரு மணிக்குத்தான் எழுந்தான். பதினொன்றரைக்குப் பால் குடிச்சான். அதான் சாப்பாட்ட ஒரு மணிக்குத் தள்ளி வச்சேன். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

உனக்குத் தெரியாது. இந்தக் குழந்தை விஷயத்தில் பதினோரு மாதத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. முகம் சிவந்தது. எனக்கா தெரியாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"கீழே லிஃப்ட் குழிக்குள்ள ஒருத்தன் வேலை பாத்துட்டிருப்பான். மேல நிக்கிறவனுக்கு அவன் கண்ணுக்கே தெரியமாட்டான். அவன் உள்ள இருக்கான்னு சொல்றதுக்கு அந்த அட்டை ஒண்ணுதான் இருக்கு. நீ அத எடுத்துட்டே. அப்போ நான் உள்ள இல்லன்னுதானே அர்த்தம்?"

உருண்டை அவள் மடியிலிருந்து சாதக் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினான். காரட்டும் பருப்பும் கட்டியில்லாமல் மசிக்கப்பட்டிருந்தன, அவள் மசிப்பதைவிட நன்றாகவே. அவள் இல்லாத ஒரு காலை இந்த வீட்டில் நடந்திருக்கிறது. எழுந்தது, குடித்தது, அழுதது, நேரம் தள்ளிப்போனது எல்லாவற்றையும் ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறான். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய கொண்டையை யாரோ பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டது மாதிரி இருந்தது.

அட்டையை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.

"தப்புதான், மெக்கானிக்."

"நானும் யோக்கியன் இல்ல," என்றான். "இத்தன நாள் எதுக்கெடுத்தாலும் உன்னக் கேட்டுக் கேட்டு, உன்ன வெளிய போகவே விடல. ஆனா ஒண்ணு, எங்க கம்பெனில இதுக்கு மூணு நாள் சஸ்பெண்ட்."

"சரி, மூணு நாளைக்கு நான் சமையலறைப் பக்கமே வரல."

"அதுக்குப் பேரு தண்டனை இல்ல, மேடம்."

வெள்ளிக்கிழமை போன் அடிக்கவேயில்லை. எட்டு மணிக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு இரண்டுமுறை அவளே எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இருக்கிறதா என்றுகூடச் சோதித்தாள். இழப்பு போலவும் இருந்தது, விடுமுறை போலவும் இருந்தது. பத்து மணிக்கு மேல் மறந்தே போனாள். மருந்து வாசனை வீசும் அந்த நீள அறையில் தகடு தகடாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு குழாயில் ஒட்டிய பெயர்ச் சீட்டும் நோயாளியின் படிவமும் பொருந்தாததைக் கண்டுபிடித்து, வார்டுக்கே நடந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமையாக இருந்திருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை வேலை முடியும் நேரம் தலைமை மருத்துவர் வந்தார்.

"வர்றேன் டாக்டர்," என்றாள், அவர் கேட்கும் முன்பே.

"வீட்ல ஒத்தாசைக்கு ஆள் கிடைச்சாச்சா?"

"ஒத்தாசைக்கு இல்ல டாக்டர். அவர் இருக்கார்."

மருத்துவருக்கு வித்தியாசம் புரிந்ததோ என்னவோ, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டிய தாளை நீட்டினார்.

ஒரு மணிக்கு வீட்டில் நுழைந்ததும் சொன்னாள். அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு, அதைக் கவனிக்காமலேயே மாடிப்படி இறங்கிப் போனான். வாலுவுக்கு வலது கால் செருப்பு இடதில் இருந்தது. அடுக்களை மேடையில் தண்ணீர் நின்றது. அவள் எதையும் சொல்லவில்லை, துடைக்கவும் இல்லை. அவன் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சூடு ஆறும் முன் உட்கார்ந்து சாப்பிட்டாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு.

இரண்டரை மணிக்கு உருண்டைக்குக் கண் சொருகியது. தோளில் போட்டுக்கொண்டு எப்போதும் போல முதுகில் தட்டினாள், எப்போதும் போல முனகலாக ஒரு பாட்டுப் பாடினாள். அவன் வில்லாக வளைந்து திமிறினான். தோள் மாற்றிப் பார்த்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அழுகை ஒரு படி ஏறியதே தவிர இறங்கவில்லை. தூங்கவைப்பது அவளுடைய வேலை, எல்லாரும் ஒத்துக்கொண்ட வேலை. இந்த ஒரு வாரத்தில் காலைத் தூக்கத்துக்கு அவன் போட்ட பழக்கத்தில் பகல் தூக்கமும் எப்படியோ கைமாறிப்போயிருந்தது.

கட்டிலோரம் கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் வாலு.

"அம்மா, நீ தப்பாப் பண்றே. அப்பா லிஃப்ட் விடுவார்."

"லிஃப்டா? எப்படி?"

"பத்தாவது மாடிலேருந்து வரணும். மெதுவா. நீ ரொம்ப வேகமா ஆட்டுறே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, குழந்தையை மார்போடு சாய்த்துக்கொண்டாள். "பத்தாவது மாடி," என்றாள். லேசாக முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள். "ஒன்பதாவது மாடி. எட்டாவது..."

"அம்மா, கதவு திறக்கவே இல்ல. ஒவ்வொரு மாடிலயும் கதவு திறக்கணும். அப்புறம் மூடணும்."

"எப்படித் திறக்கும்?"

வாலு உதட்டைக் குவித்து, 'ஷ்ஷ்' என்று நீளமாக ஊதிக் காட்டினாள். அவளும் ஊதினாள். ஏழாவது மாடியில் உருண்டையின் அழுகை விக்கலாயிற்று. ஐந்தாவதில் கை தளர்ந்து அவள் கழுத்தில் விழுந்தது. மூன்றாவது மாடிக் கதவு மூடும்போது மூச்சு சீராகிவிட்டது. நிறுத்திவிட்டுத் தொட்டிலை நோக்கித் திரும்பினாள்.

வாலு புடவை முனையைப் பிடித்து இழுத்து, ரகசியக் குரலில் அதட்டினாள்.

"இரும்மா. அவன் இன்னும் இறங்கல."

அவள் மறுபடி முழங்காலை மடக்கினாள். "ரெண்டாவது மாடி," என்றாள் மெதுவாக.