விழத் தெரியாதவள்

மினேகோ ஹதானோ மல்யுத்தம் பார்க்கும் அழகைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். ரிங்கை ஒட்டிய பத்திரிகையாளர் மேசையில் உட்கார்ந்து, ஓர் அஞ்சலட்டையை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இரண்டு பெண்கள் மோதிக்கொண்டிருப்பார்கள். அட்டையால் ஒருத்தியை மறைத்துவிட்டு இன்னொருத்தியை மட்டும் பார்ப்பாள். மறைப்பது அடிக்கிறவளை, பார்ப்பது அடி வாங்குகிறவளை.

அடிக்கிறவளைப் பார்த்து மதிப்பெண் போடுவது எந்தக் கத்துக்குட்டியும் செய்யக்கூடிய வேலை என்பது அவள் கட்சி. ஒருத்தியைத் தலைக்கு மேலே தூக்கத் தோள் இருந்தால் போதும். தூக்கப்பட்டவள் கீழே வரும்போது தாடை நெஞ்சில் ஒட்ட வேண்டும், முதுகு மொத்தமும் ஒரே நொடியில் தரையில் பட வேண்டும், இரண்டு கையும் பக்கவாட்டில் அறைய வேண்டும். இத்தனையும் செய்துகொண்டே, செத்தாள் என்று பார்க்கிறவனை நம்பவும் வைக்க வேண்டும். அவள் நன்றாக விழுந்தால்தான் அடித்தவள் ராட்சசி ஆவாள். மினேகோ இதைத்தான் வாராவாரம் புதன்கிழமைப் பக்கத்தில் எழுதினாள். கடைசியில் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவாள். டோக்கியோவில் பெண்கள் மல்யுத்தம் பார்க்கிற யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் டிக்கெட் எடுப்பதில்லை.

ஒரே ஒருத்தியின் ஆட்டத்துக்கு மட்டும் அவள் விதி மாறும். தமாவோ குரோசே ரிங்குக்குள் வந்துவிட்டால், எதிரே நிற்பவள் யாராக இருந்தாலும் அட்டைக்குப் பின்னால் போய்விடுவாள். குரோசே அடித்தாலும் குரோசே, அடி வாங்கினாலும் குரோசே. பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் பார்த்தாள். ரசனையால் யாரும் ஒருத்தியை அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மினேகோவும் ரிங்குக்குள் இருந்தவள். குரோசே அவளுக்கு நான்கு வருஷம் மூத்தவள். ஒரே விடுதியில் குரோசேக்குச் சோறு வடித்துப் போட்டு, அவளுடைய வியர்வை நாறும் ஊதா உடுப்பைத் துவைத்துப் போட்டு, முதுகு பிடித்துவிட்டு, இளையவள் செய்ய வேண்டிய ஊழியம் எல்லாம் குறைவில்லாமல் செய்திருந்தாள். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் மினேகோவின் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு பத்திரிகை ஐந்து நட்சத்திரம் போட்டது. அதே இரவு அதே மேடையில் குரோசே ஆடியதற்கு இரண்டரை. அடுத்த ஞாயிறு இருவருக்கும் மோதல். திரைக்குப் பின்னால் காத்து நிற்கையில் குரோசே கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டே, "அஞ்சாமே?" என்று மட்டும் கேட்டாள்.

பதினோராவது நிமிஷத்தில் மினேகோவைத் தோளுக்கு மேலே தூக்கினாள். முதுகு தரையில் படும்வரை இடுப்பைப் பிடித்திருக்க வேண்டிய கை பாதியிலேயே விலகியது. மினேகோ தலைகீழாக இறங்கினாள். கழுத்தில் ஒரு தகடு, நாலு திருகாணி. மறுநாள் நிருபர்கள் மைக்கை நீட்டியபோது குரோசே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது ஒரே வரி.

"பாவம், நல்ல பொண்ணுதான். விழத்தான் தெரியல."

அந்த வரி ஒட்டிக்கொண்டுவிட்டது. சமையல்காரனைப் பார்த்து உனக்கு உப்புப் போடத் தெரியாது என்று சொல்வதைப் போன்றது அது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது மினேகோவுக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெறுகிறவளை ரிங்கின் நடுவில் நிறுத்தி, மண்டபமே எழுந்து நின்று, பத்துத் தடவை மணி அடித்து வழியனுப்புவார்கள். அவளுக்கு அந்த மணியையும் யாரும் அடிக்கவில்லை. விழத் தெரியாதவளுக்கு என்ன மணி?

பத்திரிகையில் வேலை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்தார்கள்: இனி குரோசேயைக் கிழிகிழியென்று கிழிப்பாள் என்று. அவள் கிழிக்கவில்லை. குரோசே நன்றாக ஆடிய வாரங்களில் நான்கு நட்சத்திரம்கூடப் போட்டாள். கை எரியும், ஆனாலும் போடுவாள். வஞ்சம் வைத்துக் குறைத்தாள் என்ற பேச்சு ஒரு தடவை வந்துவிட்டால், என்றைக்கு அவள் சொல் வெட்ட வேண்டுமோ அன்றைக்கு அது மொட்டையாகிப் போகும் என்று தெரியும். அவ்வளவு பொறுமையான கோபம் அது.

நாலாவது வருஷம் அட்டை ஓரத்தில் அந்த விஷயம் அகப்பட்டது. யாராவது தூக்கினால், தூக்கியவளின் பிடரியைக் குரோசே இரண்டு தடவை அழுத்துவாள். உடனே தூக்கியவளின் வேகம் குறையும். பார்க்கிறவனுக்குத் தூக்கி எறிந்த மாதிரியே இருக்கும், ஆனால் முட்டையைக் கூடையில் வைப்பது போலத்தான் கீழே வைப்பார்கள். முதலில் வயதுக்கு மரியாதை என்று மினேகோ நினைத்தாள். பிறகு பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மினேகோவின் கழுத்து போன அந்த ஞாயிறுக்குப் பிறகு குரோசே ஒரு தடவைகூட நிஜமாக விழவில்லை. அன்றைக்கு அந்தக் கை எப்படி விலகியது என்று உலகத்திலேயே குரோசே ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஒருத்தியை அப்படிக் கைவிட்டவளுக்கு, இன்னொருத்தியின் கையை நம்பி உடம்பை விடப் பயம். பயிற்சி தரும் பொறுப்பும் குரோசேயிடம் வந்துவிட்டதால், இளையவர்கள் எல்லாரும் பிடரி அழுத்தத்துக்கு அடங்கினார்கள்.

இதை அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் குரோசே நாலு மாதம் பயிற்சிக்கூடத்தில் கிடந்து சரிசெய்துகொண்டிருப்பாள், அல்லது இன்னும் நன்றாக மறைக்கக் கற்றிருப்பாள். துடைத்துவிட முடியாத இடத்தில் இதை வைக்க வேண்டும். மினேகோ காத்திருந்தாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் குரோசே ஓய்வை அறிவித்தாள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு நடுப்பகல், டோக்கியோவின் அசகுசா பக்கத்துப் பழைய மண்டபத்தில் கடைசி ஆட்டம். அதற்கு முந்திய புதன்கிழமை மினேகோ தன் பக்கத்தில் தேன் சொட்ட எழுதினாள். கடைசி ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவர்கள் வரிசையாக உள்ளே வந்து ஆளுக்கு ஓர் அடி கொடுத்து வழியனுப்புவது நம் வழக்கம், உண்மையிலேயே பெரியவர்கள் தங்களோடு மோதிய அத்தனை பேரிடமும் அதை வாங்கிக்கொண்டு போனார்கள், ஒருத்தியையும் விட்டதில்லை என்று எழுதினாள். குரோசேக்குக் கைதட்டல் என்றால் உயிர். அன்று மாலையே தொலைபேசி வந்துவிட்டது.

"என்ன மினேகோ, சுத்தி வளைச்சு எழுதியிருக்கே. நேரா கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"வழக்கத்தைத்தான் எழுதினேன்க்கா."

"வா வா. கடைசி ஆளா நீ வா. சின்னதா ஏதாவது பண்ணு, அப்புறம் கட்டிப்பிடிச்சு அழலாம், போட்டோ நல்லா வரும். பாவம், உனக்கும் ஒரு நாள் ஜனங்க கை தட்டட்டுமே. கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்குக்கா," என்றாள் மினேகோ.

இனி விழக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தூக்குவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. குரோசே ஓய்வை அறிவித்த நாளிலிருந்தே ஒவ்வொரு காலையும் வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி இறக்கிப் பழகியிருந்தாள்.

ஞாயிறன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. குரோசே பேரை அறிவித்ததும் ஊதாக் காகித ரிப்பன்கள் நாலு பக்கத்திலிருந்தும் பறந்து வந்து ரிங்கை மூடின. எதிராளி கசானே இவமுரா, இருபத்து நாலு வயது. அன்றைக்கு மட்டும் மினேகோ அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம் அந்தப் பெண் குரோசேயின் ஒவ்வொரு அடிக்கும் உயிரைக் கொடுத்து விழுந்தாள். காற்றில் போன உதைக்குக்கூட அவள் பல்லைப் பிடித்துக்கொண்டு சுருண்டதில் ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டுப் போவதுதான் முறை. குரோசேயும் தோற்றாள், அதற்குள் மூன்று தடவை கசானேயின் பிடரியை அழுத்திவிட்டாள். நாலரை நட்சத்திரம் என்று மினேகோ குறித்துக்கொண்டாள், நாலரையும் கசானேயுடையது.

பிறகு வரிசை. பழைய தோழிகளில் ஒருத்தி முழங்கையால் இடித்தாள், ஒருத்தி நெஞ்சில் அறைந்தாள், ஒருத்தி அழுதுகொண்டே தலையில் ஒரு குட்டு வைத்தாள். குரோசே எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு வாங்கினாள். கடைசியில் அறிவிப்பாளர் மினேகோ ஹதானோ என்றார். மண்டபம் ஒரு கணம் மூச்சை இழுத்துவிட்டுக் கை தட்டியது. தெற்குப் பக்கத்து மூன்றாம் வரிசையில் டாக்சி ஓட்டும் செகாவா இருந்தார். எந்த ஆட்டத்தையும் விடாமல் பார்த்து, வாய் ஓயாமல் கத்துகிறவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைத் தூக்குக் கட்டிலில் கொண்டு போகும்போது, விழக் கத்துக்கிட்டு வாம்மா என்று கத்தியதும் அவர்தான். மினேகோவுக்கு அந்தக் குரல் மறக்கவில்லை.

அவள் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே ஏறினாள். குரோசே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தாள். மினேகோ குனிந்து, ஒரு கையைக் கால்களுக்கு நடுவே இடுப்பிலும் இன்னொன்றைத் தோளுக்கு மேலாகவும் கொடுத்து, குரோசேயை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாப் பெண்களுக்கும் சொல்லித் தருகிற வீச்சு அது. தூக்கி, முதுகு பட இறக்குவது, அவ்வளவே. பதினைந்து வயதுப் பெண்கள் ஒரு காலைப் பொழுதில் நூறு தடவை விழுந்து எழுவார்கள்.

பிடரியில் விரல்கள் அழுந்தின. இரண்டு தடவை. தகடு இருந்த அதே இடத்தில்.

மினேகோ வேகத்தைக் குறைக்கவில்லை. இடுப்பைப் பிடித்த கை பாடத்தில் உள்ளபடி உறுதியாக இருந்தது, அதைக் கடைசிவரை விடப்போவதில்லை. இன்னொரு தடவை அழுந்தியது. பிறகு குரோசேயின் உடம்பு முழுக்க விறைத்தது. வீச்சு பாதிக்கு வந்தபோது அவள் இரண்டு கையாலும் மினேகோவின் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு தொங்கினாள். மினேகோவின் கழுத்தில் மின்னல் வெட்டியது போல வலித்தது. அவள் நின்றாள்.

"மெதுவா வை," என்று காதுக்குள் கெஞ்சினாள் குரோசே. "மினேகோ, மெதுவா."

"கையை விடுங்கக்கா. விழுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

குரோசே விடவில்லை. மண்டபத்தில் கைதட்டல் அங்கங்கே நின்றது. வந்திருந்தவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, இருபது வருஷம் முப்பது வருஷம் பார்க்கிறவர்கள். எது நடிப்பு எது பயம் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் வாரத்துப் பாடத்துக்குப் பயந்து ஒரு பெரிய ஆட்டக்காரி தொங்குவதை அவர்கள் பார்த்தார்கள். ரிங் ஓரத்தில் நின்ற கசானே தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"குரோசே! கையை விடு! விழு!" என்று செகாவா கத்தினார்.

யாரோ சிரித்தார்கள். பின்னால் இன்னொருவர். பிறகு நாலு பக்கமும். மினேகோவுக்கு அந்தச் சிரிப்பு வெயிலில் வந்தவளுக்குக் குளிர்ந்த பார்லி டீ இறங்குவது போல இறங்கியது. மெதுவாக, மிக மெதுவாக முழங்காலை மடக்கினாள். தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போலக் குரோசேயைக் கீழே கிடத்தி, கழுத்தைச் சுற்றிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். இதைவிடக் கொடூரமாக அவளால் எறிந்திருக்க முடியாது. அறிவிப்பாளர் திகைத்துப்போய், எதையாவது சொல்லட்டும் என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

மினேகோ மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"பாவம், நல்லவங்கதான். விழத்தான் தெரியல."

சிரிப்பு சட்டென்று நின்றது. பழைய ஆட்கள் எல்லாருக்கும் அந்த வரி ஞாபகம் இருந்தது. அவள் குனிந்து வணங்கி இறங்கி, காலணியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தாள். தடுப்புக் கம்பிவரை செகாவா இறங்கி வந்திருந்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"ஹதானோ, அப்போ அன்னிக்கு..."

"அன்னிக்கு விடக் கூடாத நேரத்துல கையை விட்டாங்க," என்றாள் மினேகோ. "இன்னிக்கு விட வேண்டிய நேரத்துல விடல."

 நான் கத்தினதை மன்னிச்சிடு என்று செகாவா தலை குனிந்தார். அவரை மன்னிப்பதில் மினேகோவுக்குச் சிரமம் இருக்கவில்லை. அவர் கண்ணால் பார்த்ததை நம்பினார், அவ்வளவுதான். மற்றவளை மன்னிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை, இருக்கிறது என்று பாவனை செய்யவும் இல்லை.

வழக்கத்தை யாராலும் நிறுத்த முடியாது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், மணி அடிக்க ஆரம்பித்தது. விளக்கின் கீழே குரோசே தனியாக நின்றாள். ஒன்று, இரண்டு என்று மணி போகப் போக அவள் கண் கயிறுகளுக்கு மேலாகப் பத்திரிகை மேசையைத் தேடி வந்து நின்றது. மினேகோ பையிலிருந்து அஞ்சலட்டையை எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அதைக் குரோசே மேல் வைத்து மறைத்தாள். விளக்கு இருந்தது, கயிறு இருந்தது, ரிங்கில் ஆள் இல்லை. மீதி மணிகளைத் தனக்கு அடித்ததாக வைத்துக்கொண்டு பத்துவரை எண்ணினாள்.