பிலிம் இல்லாத கேமரா

புதிதாகப் படம் எடுக்க வருகிறவன் செய்யக்கூடாத ஒன்றை, கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், சிங்கப்பூரில் எடுத்த பேச்சில்லாத என் முதல் குறும்படத்தில்.

நடிக்க வந்தவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை. கேமரா ஓடும் சத்தம் கேட்டாலே விறைத்துப் போவார்கள். கூட இருந்து உதவிய நண்பன் யாக்கூப் தன் ஸ்டூடியோவிலிருந்து கொடுத்த பிலிமோ சொற்பம். அதனால் முதல் தடவை பிலிம் போடாமலே கேமராவை ஓட்டுவேன். கூச்சம் தெளிந்த பிறகு, இரண்டாவது தடவையைத்தான் எடுப்பேன். இது எனக்கும் யாக்கூபுக்கும் மட்டும் தெரியும்.

கடைசிக் காட்சியை ஜாலான் புசாரில் ஒரு மாடி வீட்டில் வைத்தோம். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட மகன், மனைவியோடு வாசலில் வந்து நிற்கிறான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அப்பாவாக நடித்தவர் வேலாயுதம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நிஜத்திலும் அவர் கதை அதுதான். மகன் மருதப்பன் தானாகப் பெண் பார்த்துக்கொண்டான் என்ற கோபத்தில், கல்யாணத்தன்று திருநீறு பூசி வாழ்த்தமாட்டேன் என்று எழுந்து போனவர். நான்கு வருடமாகப் பேச்சில்லை. அது தெரிந்துதான் அவரைப் பிடித்தேன். எனக்கு என் படம்தான் பெரிது.

முதல் தடவை ஓட்டினேன். மருமகளாக நடித்த லீலாவும் அவள் ஜோடியும் வாசலில் நின்றார்கள். வேலாயுதம் முகத்தைத் திருப்பவில்லை. மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து இருவர் நெற்றியிலும் பூசினார். "நல்லா இருங்க" என்றார். லீலா அழுதுவிட்டாள்.

யாக்கூப் என்னைப் பார்த்தான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

"நல்லா இருந்துச்சுண்ணே. ஆனா கதையில இப்படி இல்லையே. கதைப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

"பண்றேன் தம்பி. ஆனா படத்துல முதல்ல எடுத்ததையே போடுங்க. மருதப்பனைப் படம் பார்க்க வரச்சொல்லப் போறேன். நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது லா."

"சரிண்ணே" என்றேன்.

பிலிம் போட்டோம். முகத்தை அருமையாகத் திருப்பினார். நான் உள்ளூர மகிழ்ந்தேன் வேறு.

மறுபடி கூப்பிட்டுத் திருநீறு பூசுவதை எடுத்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். மூன்றாவது வாரம் வேலாயுதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். கொள்ளி வைக்க வந்த மருதப்பன் என்னிடம் கேட்டார். "அப்பா லெட்டர் போட்டிருந்தாரு. வீட்டுக்காரியோட வந்து படத்தைப் பாருன்னு. என்னைக்குப் போடுறீங்க?"

அன்றைக்கும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பும் காட்சியை வெட்டவும் மனம் வரவில்லை. அது போனால் படமே இல்லை.

சிராங்கூன் ரோட்டுச் சங்க மண்டபத்தில் படம் போட்ட அன்று மருதப்பனும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் திரை முழுக்க வேலாயுதம் வந்தார். வாசலைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதப்பனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

விளக்கு போட்டதும் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணே, அவர் திருநீறு பூசினாரு. உங்க ரெண்டு பேருக்காகத்தான். அப்ப கேமராவில பிலிம் இல்ல. தப்பு என்னோடது."

மருதப்பன் கோபப்படவில்லை. "செத்தவருக்காகப் பொய் சொல்ல வேணாம் லா."

"லீலாவைக் கேளுங்க. அவ நெத்தியிலதான் பூசினாரு."

"அவங்களும் உங்க படத்துல நடிச்சவங்கதானே" என்றார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டினார்.

"அந்த அப்பா மூஞ்சியைத் திருப்பினாரு பாருங்க, அப்படியே நிஜம் தம்பி."