பிளக் இருந்ததெல்லாம் தம்பிக்கு

மாடியிலிருந்த வாஷிங் மெஷின் முதன்முதலாகச் சோறு வடித்தது, வீட்டைப் பாகம் பிரித்த மறுநாள் பகலில். அரிசியைப் போட்டு மூடியதும் அது வழக்கம்போலத் தண்ணீர் பிடித்து, இப்படியும் அப்படியும் புரட்டி, கஞ்சியைப் பின்பக்கக் குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததென்று மணி அடித்தது. திறந்து பார்த்தால் ஆவி பறக்கச் சோறு. கொஞ்சம் குழைந்திருந்தது. பருத்தித் துணிக்கான எண்ணில் வைத்தது தவறு, அரிசிக்கு மென்துணி எண்ணே போதும் என்று அந்த வீட்டு இளைய மருமகள் அன்றே தெரிந்துகொண்டாள்.

தெருவே இதை அதிசயம் என்று வாய் பிளந்தது. அதிசயம் முந்தின நாளே நடந்துவிட்டது, அதைத்தான் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. வீட்டுக்கு மூத்தவர் நில அளவையர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து பழகிய கையால் சொந்த வீட்டையும் நாடா பிடித்து அளந்து, கீழ்த்தளம் தனக்கு, மாடி தம்பிக்கு என்று கோடு போட்டார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்கத் தெரிந்தவன், அண்ணன் முன்னால் தலையைத் தூக்கத் தெரியாதவன். அடுப்படி கீழே இருந்ததால் அதுவும் அண்ணனுக்கே போயிற்று. பதினொரு வருடமாக அந்த அடுப்படியில் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டியவள் இளையவள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான் என்று வந்தபோது மூத்தவர் ஒரு சட்டம் சொன்னார்: பிளக் இருப்பதெல்லாம் தம்பிக்கு, பிளக் இல்லாததெல்லாம் தனக்கு. கேட்பதற்கு என்ன நியாயம்! ஆனால் மிக்ஸி, சோறு வடிக்கும் குக்கர், கரண்ட் அடுப்பு மூன்றின் பிளக்கையும் காலையிலேயே குறடு வைத்து நறுக்கிவிட்டிருந்தார் அந்த மனிதர்.

"நேத்து வரைக்கும் இதுக்கெல்லாம் பிளக் இருந்துச்சே அத்தான்?" என்றாள் இளையவள், செப்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒயரைக் கையில் பிடித்தபடி.

"இன்னிக்கு இருக்கா? இல்லைல்ல. அப்ப எனக்கு," என்று சொல்லி அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிளக் இல்லாத மிக்ஸியை வைத்துக்கொண்டு இந்த ஆள் என்ன செய்யப் போகிறார் என்று கேட்க அங்கே ஒரு ஆளில்லை.

வேறொரு அடுப்பு வாங்கித் தருவதாகக் கணவன் கெஞ்சினான். அவள் சம்மதிக்கவில்லை. "புதுசு வாங்கினா, கீழ இருக்கிறது என்னுது இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாங்கிட்டு வந்தீங்க, தெருவுல தூக்கிப் போட்டுருவேன்" என்றாள். சொன்னால் செய்பவள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே மாடியில் சமையல் இப்படி நடந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து நிறுத்தி அதன் அடித்தட்டில் முட்டை ஊற்றுவாள். பட்டு என்ற இடத்தில் திருகினால் மஞ்சள் கரு தளதளவென்று நிற்கும், கம்பளிக்குப் போனால் கட்டியாகிவிடும். பிரிட்ஜின் மேல் அறையில் ரொட்டி பொன்னிறமாக வெந்தது, கீழ் அறை எப்போதும்போலக் குளிர்ந்தது. பாத்திரங்களுக்குப் பிளக் இல்லையென்று அவையும் கீழேயே தங்கிவிட்டதால் மேசை விளக்குகளின் கண்ணாடிக் கூண்டுகளில் சாப்பிட்டார்கள். பாலைப் பழைய டிவியின் தலையில் வைத்தாள். தொடர் நாடகம் ஓடினால் காயவே அரை நாள் ஆகும். விவாத நிகழ்ச்சியென்றால் முதல் ஆள் பேசி முடிப்பதற்குள் பொங்கி வழிந்துவிடும். சேதங்களும் இல்லாமலில்லை. மீன் வேகவைத்த கையோடு மெஷினில் கணவனின் சீருடையைப் போட்டுவிட்டாள். அன்று அவன் பழுது பார்க்கப் போன கட்டடத்தில் மொட்டைமாடி வரை பூனைகள் அவன் பின்னாலேயே படியேறின. ஒருமுறை பிழியும் சுற்றை நிறுத்த மறந்து, உருளைக்கிழங்கு முழுவதும் சுவரில் அப்பிக்கொண்டது. சுரண்டிச் சாப்பிட்டார்கள். உப்பு சரியாக இருந்ததாகக் கணவன் சொன்னான்.

கீழே அடுப்பு எரிந்தது. நன்றாகவே, நீலமாக எரிந்தது. சூடு மட்டும் இல்லை. மூத்தவரின் மனைவி தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். காலையில் உலை வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வந்து பார்க்கும்போதும் தண்ணீர் பானைத் தண்ணீர்போல இருக்கும். தீக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், குழாயடியில் கை நீட்டியதுபோல் இருந்தது. கேஸ் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டலிலிருந்து வாங்கி வந்த பொட்டலமும் வாசற்படியைத் தாண்டியதும் ஆறிப்போயிற்று. ஓட்டலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று ஊர் பேசுமாம், அதனால் மூத்தவர் அங்கே போகவில்லை. கௌரவத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

அவர் தெருச் சங்கத்தில் புகார் கொடுத்தார். தன் அடுப்பின் சூட்டைத் தம்பி மனைவி திருடிவிட்டாளாம். அடுப்படிக்குப் பூட்டு விழுந்தபோது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்த அதே சங்கம், சட்டையை மாற்றிக்கொண்டு வரிசையாக மாடியேறி வந்தது. மருந்துக்கடைக்காரர்தான் தலைவர்.

"ஏம்மா, கீழ இருக்கிற சூட்டையெல்லாம் நீ மேல இழுத்துக்கிட்டதா புகார் வந்திருக்கு."

"அடுப்படியப் பூட்டினப்ப உங்களுக்குப் புகார் வரலையா அண்ணே?"

"அது குடும்ப விஷயம்மா."

"இது மட்டும் ஊர் விஷயமா?"

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"அந்த அடுப்படி எனக்கும் சொந்தம்னு அவர் வாயால சொல்லணும். தெருவே கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. சங்கத்துக்கு இதுவே அதிகமாகப் பட்டது. இஸ்திரிப் பெட்டியை மூத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவள் நீட்டிய ரொட்டியையும் கூச்சமில்லாமல் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். மூத்தவர் கையில் அந்தப் பெட்டி ஒரு கைக்குட்டையின் கசங்கலைக்கூட எடுக்கவில்லை. ஊற்றிய முட்டை வழுக்கிக்கொண்டு அவர் முழங்கைக்கு வந்தது. "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று கத்தினார். பத்தாம் நாள் அவர் மனைவி தட்டோடு மாடியேறிவிட்டாள். இளையவள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "உக்காருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருடம் அந்த மனிதர் ஊறவைத்த அரிசியையும் பச்சைக் காய்களையும் மென்றுகொண்டு, பூட்டிய அடுப்படிக்குக் காவல் இருந்தார். இடுப்பு பாதியாகி, சாவி தானாக நழுவி விழ ஆரம்பித்தது. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவருக்கு அது மட்டும் அளக்க வரவில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள ஒரு காலை நேரத்தில், மாடிப்படி அடியில் வந்து நின்று, அவளும் அதில் பங்குக்காரிதான் என்று முணுமுணுத்தார்.

"கேக்கல அத்தான்."

"அடுப்படி உனக்கும் சொந்தம்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். காய்கறி வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மூத்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது வெட்கமா பசியா என்று பிரித்துச் சொல்வதற்கில்லை.

அவள் இறங்கி வந்து, அவர் நீட்டிய சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கையை நீட்டினாள், சூடில்லை. மூத்தவரின் மனைவி நீட்டினாள், இல்லை. தம்பிக்கும் இல்லை. நம்பிக்கையில்லாமல் மூத்தவர் கையைக் கொண்டுபோனார், சுரீரென்று சுட்டு "ஐயோ" என்று துள்ளினார். மறுபடி சோதித்தார்கள். அவர் கை பட்ட சட்டி கொதித்தது, வேறு யார் கை பட்டாலும் அடங்கியது. இளையவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"அப்ப நீங்களே சமைங்க அத்தான். எனக்கும் சேர்த்து."

பாகம் பிரிக்கும்வரை தனக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட மொண்டு குடித்தறியாதவர் அன்றிலிருந்து இரு வேளையும் வீடு முழுவதற்கும் சமைக்கிறார். முதல் மாதம் எல்லாவற்றிலும் உப்பு கரித்தது. இப்போது பரவாயில்லை. மாடியில் வாஷிங் மெஷின் துணி துவைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன். சாப்பாட்டு நேரத்தில் இளையவள் கீழே வந்து முதல் ஆளாக உட்காருவாள். அவர் கரண்டியோடு பக்கத்தில் நிற்பார். அவள் ஒரு வாய் மென்று விழுங்கித் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்.