பதின்மூன்றாம் குறிப்பு

பவளராணியின் அண்ணன் சிறீஸ்கந்தராசா எதையும் இலக்கம் போட்டுத்தான் எழுதுவார். ஊரில் வாத்தியாராக இருந்த மனிதர். அவுஸ்திரேலியாவில் பல்லராட் என்ற சின்ன நகரத்தில் குடியேறி ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. தங்கச்சியையும் அவள் மகளையும் விசிட்டர் விசாவில் அங்கே கூப்பிட்டுவிட அவர் எழுதிய பதினான்கு குறிப்புகள், எண்பத்தெட்டாம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இருந்த அவள் கணவன் குலேந்திரனின் கைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் தங்கியிருக்கும் கொழும்பு லொட்ஜுக்குப் போகும் கடிதங்கள் பாதிவழியில் தொலைகின்றன, நீர் பார்த்தெழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பும் என்று மச்சான் கேட்டிருந்தார்.

குலேந்திரன் மனைவியையும் மகளையும் டென்மார்க்குக்கு எடுக்க விண்ணப்பம் போட்டு இருபது மாதமாகிவிட்டது. ஊசிமுனையளவும் அசைவில்லை. எத்தனை தரம் கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்று அதே நான்கு வரிதான் வரும். இக்காஸ்டில் அவனைப் போலவே ஒரு கூட்டம் ஆண்கள் தையல் ஆலை வேலைக்குப் போய்வந்து, தபால் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் பொலிஸ் லொட்ஜுகளைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் சமையலறை மேசையில் இருந்து எழுதத் தொடங்கினான். மெல்பேணிலிருந்து இரயிலில் இரண்டு மணித்தியாலம். கோடையிலும் விடியப்புறம் குளிரும், கம்பளிச் சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். கருவாடும் விதைகளும் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதே. இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல். மச்சான் சுண்ணக்கட்டியோடு முன்னால் நிற்பது போலத்தான் இருந்தது.

பதின்மூன்றில் பேனை நின்றது. விசா நேர்முகத்துக்குப் போகும்போது உன் பைலைக் கொண்டுபோகாதே என்பதுதான் அது. எங்கள் சனத்துக்கு எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த வியாதி அந்தப் பைல். பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, காணி உறுதி எல்லாம் கக்கத்தில் இல்லாமல் ஒருவரும் படியிறங்க மாட்டார்கள். டென்மார்க்கில் வந்திறங்கியபோது குலேந்திரனிடம் மாற்றுச் சட்டை இல்லை, பைல் இருந்தது. ஆனால் சுற்றிப்பார்க்கப் போகிறவளுக்குக் காணி உறுதி எதற்கு? அதற்குள் டென்மார்க் விண்ணப்பத்தின் பிரதியையும் கண்டால், இவள் திரும்பிப் போகிறவள் இல்லை என்று அதிகாரி அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுவார்.

அவள் பல்லராட் போய்விட்டால் இங்கே விண்ணப்பம் அத்தோடு சரி. அகதிக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவனால் அங்கே போய்க் குடியேறவும் முடியாது. பிள்ளை அங்கே மாமனைப் பார்த்து வளர்ந்துவிடும். பதினான்காவதைப் பதின்மூன்றாக எழுதி, உறையை ஒட்டி, அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டான்.

நேர்முகம் இருபதாம் திகதி, வியாழக்கிழமை. அதற்கு முதல் கிழமை முழுக்க அவனுக்கு வேலையில் கையோடவில்லை. செய்தது துரோகம் என்று ஒரு மனம் சொன்னது. கொஞ்சம் பொறு, நாளைக்கே இங்கே சரிவரும் என்று மற்ற மனம் சொன்னது. திங்கட்கிழமை மாலை ஆலையில் ஒருவர், வெள்ளவத்தையில் இரண்டு லொட்ஜில் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம் என்றார். குலேந்திரன் மெசினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். ஒரு மனிதன் எவ்வளவு கேவலமாக நடக்கலாமோ அவ்வளவும் நடந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

செவ்வாய் காலை தொலைபேசிக் கூண்டுக்குள் போனான். மூன்று தரம் எடுத்தும் லைன் கிடைக்கவில்லை. நான்காம் தரம் லொட்ஜ்காரர் எடுத்து, இருங்கோ கூப்பிடுறன் என்று போனார். அந்த இரண்டு நிமிடமும் அவன் நாணயங்களைப் போட்டுக்கொண்டே நின்றான்.

“பவளம், ஒரு குறிப்பை எழுதாமல் விட்டிட்டன். வியாழக்கிழமை போகேக்கை பைலைக் கொண்டுபோகாதையும்.”

நேர்முகம் முந்திவிட்டது, நேற்றே கூப்பிட்டுவிட்டார்கள் என்றாள். விசா இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

“பைல்?” என்றான்.

“நான்தான் எடுத்து மேசையிலை வைச்சனான்.” அவள் குரலில் கவலையே இல்லை. “அண்ணை அந்தக் குறிப்புகளை ஒரு ஆளிட்டையும் குடுத்துவிட்டவர். அதிலை பதினாலு இருந்தது, உங்கடையிலை பதின்மூண்டு, பைல் விசயம் மட்டும் இல்லை. நீங்கள் மறக்கிற ஆளில்லையே. டென்மார்க் அலுவல் சரிவந்திட்டுது, அதாலைதான் அங்கை போகவேண்டாமெண்டு காட்டுறியள் எண்டு விளங்கிக்கொண்டன். கடிதத்திலை வெளிப்படையா எழுதப் பயந்திருப்பியள்.”

குலேந்திரனின் சட்டைப்பையில் போன கிழமை வந்த நான்கு வரிக் கடிதம் இருந்தது.

“மகளுக்கும் சொல்லிப்போட்டன், அப்பாட்டைப் போறம் எண்டு. சப்பாத்து வாங்கவேணுமாம்,” என்றாள். “அங்கை இப்ப குளிரோ?”

உண்மையைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

“ஓம்,” என்றான். “குளிர்தான்.”